‘எல்லாம் வரும்’ என்று சொல்லி நான் விற்ற டிவி

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளியின் மகள் கேட்டார். “நீங்க முப்பத்தோரு வருசம் டிவி வித்தவங்க. எப்படி வித்தீங்கன்னு எழுதினாப் போதும் சார்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோசிக்க யோசிக்க ஒரே ஒரு டிவிதான் நினைவில் வந்து நின்றது. அது நான் பொய் சொல்லி விற்ற டிவி. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்தேன். கல்லூரி வேலை கிடைக்கும்வரை என்று இந்தப் புதுக்கோட்டைக் கடைக்கு வந்தவன் இங்கேயே நரைத்துப் போனேன். டிவிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் ‘தெரியாமல் சொல்லிவிட்டேன்’ என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

இணையம் உள்ளேயே இருக்கிற டிவிகள் வந்த பிறகு நம் கடையில் அதிகம் புழங்கிய சொல் ‘எல்லாம் வரும்’ என்பதுதான். “படம் வருமா?” எல்லாம் வரும். “போன்ல பாக்குறது வருமா?” எல்லாம் வரும். நானே அதைப் பழக்கினேன். ஆனால் எல்லா டிவியிலும் எல்லாம் வராது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சில டிவிகளில் போனில் இருப்பதுபோல வேண்டிய ஆப்பை நாமே இறக்கிக்கொள்ளலாம். சிலவற்றில் கம்பெனிக்காரர்கள் அனுமதித்தது மட்டும் இருக்கும். இன்னும் சிலவற்றில் ரிமோட்டில் ஐந்து கலர் பட்டன், அதற்கு ஐந்து ஆப், அத்தோடு சரி. வெளியே பெட்டியில் மூன்றுக்கும் ‘ஸ்மார்ட்’ என்றுதான் போட்டிருக்கும். வாங்க வருகிறவர் இஞ்சைப் பார்ப்பார், படத்தின் பளபளப்பைப் பார்ப்பார். உள்ளே இருப்பதைக் கேட்க அவருக்குச் சொல் தெரியாது. அந்த இடத்தில்தான் நாம் அவருக்காகப் பேச வேண்டும். நான் பேசியது கடைக்காக.

ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆவணியில், ஒரு வியாழக்கிழமை மதியம் முருகேசன் என்பவர் வந்தார். கறம்பக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாய்மாமன் என்பதால் சீர் வேலை எல்லாம் அவர் தலையில். கையில் ஒரு நீளமான லிஸ்ட், சட்டைப் பையில் மூன்று போன்.

“சார், எங்க மச்சான் முந்திரி மரத்துல கெளை கழிக்கயில விழுந்து இடுப்பு ஒடைஞ்சு கெடக்குறாரு. ஆபரேசன் பண்ணியிருக்கு. கல்யாணம் மாப்ள வீட்டுப் பக்கம், திருப்பூர்ல. கார்ல ஏத்தவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. பத்திரிக்கை வச்சாச்சு, தள்ளிப்போட முடியாது.”

“அடடா.”

“ஸ்டுடியோக்காரரு ஒரு லிங்க் அனுப்புவாராம். அதத் தொட்டா கல்யாணம் நடக்க நடக்கத் தெரியுமாம். போன்ல காமிச்சா மச்சானுக்குக் கண்ணு புரியாது. படுத்துக்கெடக்குற எடத்துலேர்ந்து பெருசாத் தெரியணும். அது டிவியில வருமா?”

அவர் கேட்டது ஒரே கேள்வி. அதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் செய்திருக்க வேண்டியது மிகச் சுலபம். அந்த ஸ்டுடியோக்காரரின் பழைய லிங்க் ஒன்றை வாங்கி, கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவிகளில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த மாதம் ஐந்து பட்டன் மாடலை அதிகம் விற்பவருக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் டூர் என்று கம்பெனி அறிவித்திருந்தது. எனக்கு இன்னும் இரண்டு டிவி போக வேண்டியிருந்தது.

“இதுல எல்லாம் வரும்ங்க” என்று அந்த மாடலைக் காட்டினேன்.

முருகேசன் மறுகேள்வி கேட்கவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவர், நரைத்த தலை, இத்தனை வருடம் ஒரே கடையில் இருப்பவர் என்று நம்பிவிட்டார். அடுத்து அவர் பார்த்தது பெட்டியைத்தான். அந்த வழக்கம் உங்களுக்கும் பழகியிருக்கும். நம் பக்கத்து மக்கள் டிவியைப் பார்ப்பதைவிடப் பெட்டியின் டேப்பை அதிக நேரம் பார்ப்பார்கள். விரலால் தடவுவார்கள், மூலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். சீல் பிரிந்திருந்தால் அது கடையில் ஓடின டிவி, அல்லது யாரோ திருப்பிக் கொடுத்த டிவி. கல்யாண வீட்டுக்குப் போகும் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். பிரிக்காத பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து வீட்டில்தான் பிரிப்பார்கள். கடைக்கும் இது வசதி. பிரித்துக் காட்டும் வேலை இல்லை.

முருகேசன் மச்சான் வீட்டுக்குப் போன் போட்டார். மச்சானின் அக்கா அழகம்மாள் எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

“பெட்டியக் கொண்டாந்து வையிங்க. கல்யாணத்தன்னைக்குக் காலையில பிரிச்சுக்கலாம். சனிக்கெழம வரைக்கும் நாள் நல்லால்ல.”

முருகேசன் என்னைப் பார்த்தார். “அன்னைக்கே பிரிச்சாச் சரியா வருமா சார்?”

புது டிவியை முதல்முதலாக இணையத்தில் சேர்த்தவுடன் அது அப்டேட் கேட்கும் என்று எனக்குத் தெரியும். சில நேரம் ஒரு மணி நேரம் இழுக்கும் என்றும் தெரியும். “தாராளமாங்க. பத்து நிமிச வேலை” என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முருகேசன் திருப்பூர் மண்டபத்திலிருந்து கூப்பிட்டார். பின்னால் நாகஸ்வரம். டிவி மாட்ட வர வேண்டிய ஆள் வரவில்லை. பெரிய முகூர்த்த நாள், கடையின் மூன்று ஆட்களும் மூன்று திசையில் சீர் பெட்டிகளோடு போயிருந்தார்கள். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம்.

“சார், யாரையாச்சும் அனுப்புங்க. மச்சான் விடிகாலையிலேயே சவரம் பண்ணி, புதுச் சட்டை போட்டுப் படுத்திருக்காராம்.”

“நானே போறேன்” என்றேன். என் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கந்தர்வக்கோட்டையைத் தாண்டி முந்திரிக்காட்டுக்கு நடுவே அந்த ஊர். ஸ்கூட்டரில் நான் போய்ச் சேரும்போது எட்டே கால். வீட்டில் இரண்டு பேர்தான். மற்ற எல்லோரும் திருப்பூரில். கூடத்தில் கட்டிலில் ரெங்கசாமி மல்லாந்து படுத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புதுச் சட்டைக்கு மேலே துண்டு. அழகம்மாள் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தம்பிக்குத் துணையாகத் தங்கிவிட்டார். ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் அரிசியும் பூவும் தயாராக இருந்தன. அங்கே மண்டபத்தில் தாலி ஏறும்போது இங்கே இவர்களும் அட்சதை போட வேண்டும்.

“வாங்க சார். மச்சினன் சொன்னான், பத்து நிமிசத்துல தெரியுமாமே” என்றார் ரெங்கசாமி.

பெட்டியில் குங்குமம் வைத்திருந்த இடத்தில் அழகம்மாளே கத்தியை வைத்துப் பிரித்தார். டிவியை மேசை மேல் நிறுத்தி, என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தேன். போனில் சிக்னல் ஒரு கோடு. டிவி இணைந்தது. உடனே திரை கறுத்து, ஒரு வட்டம் சுற்றி, கீழே அப்டேட் என்று வந்தது. இரண்டு சதவீதம். ஐந்து. பன்னிரண்டு. அங்கேயே நின்றுவிட்டது.

எட்டு ஐம்பது.

“என்ன தம்பி, வட்டமே ஓடிக்கிட்டிருக்கு?” என்றார் அழகம்மாள்.

“புது டிவி இல்லைங்களா. தன்னைத் தானே சரிபண்ணிக்குதுங்க.”

“புதுசுக்கு என்ன சரிபண்ணுறது? பழசுதான சரிபண்ணணும்?”

ஒன்பது ஐந்துக்கும் பன்னிரண்டு சதவீதம்தான். முருகேசன் அழகம்மாளின் போனுக்குக் கூப்பிட்டு, மாப்பிள்ளை மேடைக்கு வந்துவிட்டார், போனைக் கட் பண்ணாதீர்கள், சத்தமாவது கேட்கட்டும் என்று சொல்லி, தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டிலின் மேல் வைத்த போனிலிருந்து மேளமும் ஐயர் குரலும் கூட்டத்தின் பேச்சும் வந்தன. ரெங்கசாமி போனைப் பார்க்கவில்லை. வட்டம் சுற்றும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பிளக்கைப் பிடுங்கப் போனேன். மேசைக்குப் பின்னால் குனிந்து, கை பிளக்கின் மேல் இருக்கிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நீங்களும் ஒரு நாள் நிற்பீர்கள். அப்டேட் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் டிவியே செத்துப்போகலாம். பிடுங்காமல் காத்திருந்தால் முகூர்த்தம் போய்விடும். பதற்றத்தில் இரண்டில் ஒன்றைச் செய்யத்தான் கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான். பிடுங்கியே இருப்பேன்.

“என்ன எழுதியிருக்கு அதுல? வட்டத்துக்குக் கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே” என்றார் படுத்திருந்தபடியே ரெங்கசாமி.

பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடி போடுகிறவன் நான். பக்கத்தில் போய்ப் படித்தேன். ஆங்கிலத்தில், இன்னும் இறக்கிக்கொண்டிருக்கிறது, நிறுவுதல் தொடங்கவில்லை என்று இருந்தது. அப்படியென்றால் கரண்டைத் தொட வேண்டியதே இல்லை. இணையத்தை நிறுத்தினால் போதும். என் போனில் ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். அரை நிமிடத்தில், அப்டேட் முடியவில்லை, பிறகு முயல்க என்று சொல்லி டிவி திறந்துகொண்டது.

டிவி திறந்ததோடு சரி. ஐந்து கட்டங்கள், ஐந்து ஆப். லிங்க் ஸ்டுடியோக்காரரின் சொந்த இணையப் பக்கம்; அதைப் போடுவதற்கு இடமே இல்லை. போன் திரையை டிவியில் காட்டும் வசதியையும் முயன்றேன். இணைகிறது, இணைகிறது என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டது. வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டிலுக்கு முன்னால் நின்று மறுபடி தெரிந்துகொண்டேன்.

“வரலையா சார்?” என்றார் ரெங்கசாமி. கோபமே இல்லாத குரல். அதைவிட அவர் கோபப்பட்டிருக்கலாம்.

அழகம்மாள் என்னைக் கேட்காமலே பக்கத்து வீட்டில் போன் வாங்கி யாருக்கோ பேசினார். “ஜமாலு, கல்யாணம் தெரிய மாட்டேங்குதுப்பா. ஒரெட்டு வந்துட்டுப் போ.”

ஜமால் அந்தப் பக்கத்துக் கேபிள்காரர். எனக்கு அவரைத் தெரியும். ‘இனிமே கேபிள் எதுக்குங்க, டிவியிலேயே எல்லாம் வருது’ என்று நான் வருபவர்களிடமெல்லாம் சொல்வதைக் கேள்விப்பட்டு, இரண்டு வருடத்துக்கு முன் கடைக்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனவர். ஐந்து நிமிடத்தில் பைக்கில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

“அட, சாரா? டிவியிலேயே எல்லாம் வருமே சார். கேபிள்காரன் எதுக்கு?”

“பாய், அத அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்புறம் பேசுவேன். விட மாட்டேன். என்ன வரல?”

சொன்னேன். அவர் டிவியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “ஓட்டை இருக்கு. வயர் எங்கிட்ட இருக்கு. ஒரு லேப்டாப் வேணும். ஆத்தா, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்தாங்களே, அந்த லேப்டாப் எங்க?”

கல்யாணப் பெண் வினோதினி பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அலமாரி மேல் ஒரு பழைய தாவணியில் சுற்றி இருந்தது. பேட்டரி எப்போதோ போய்விட்டது. கரண்டில் போட்டால் ஓடும். அது கண் விழிக்க ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் ஜமால் எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அந்த வீட்டுக்குத் தான் போட்ட இணையத்தை இங்கே எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். வண்டிப் பெட்டியிலிருந்து வயரை எடுத்து டிவிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் செருகினார். லேப்டாப்பில் இருந்தது டிவியில் அப்படியே தெரிந்தது. திரை முழுக்க வினோதினி எப்போதோ வைத்த ஒரு கன்றுக்குட்டிப் படம்.

“நம்ம செவலையோட மொதக் கன்னு” என்றார் ரெங்கசாமி.

முருகேசன் காலையில் அனுப்பிய லிங்க் என் போனில் இருந்தது. ஜமால் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் தட்டினேன். ஒன்று தப்பிப்போய், யார் வீட்டுக் காதுகுத்தோ வந்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

“இது நம்ம வீட்டுது இல்ல” என்றார் அழகம்மாள்.

“தெரியுது ஆத்தா. சாரு எம்மெஸ்ஸி, எழுத்தத்தான் சரியாப் பாக்கலை.”

மறுபடி தட்டினேன். கட்டிலின் மேலிருந்த போனில் ஐயர் குரல் உயர்ந்தது. தாலி கட்டும் நேரம் வந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. லிங்க் திறந்து, வெள்ளையாக ஒரு பக்கம் வந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியபோது, போனில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

நாகஸ்வரமும் தவிலும் ஒரே மூச்சில் அடித்தன. மண்டபமே எழுந்து நிற்பதுபோல் சத்தம். டிவியில் வட்டம்தான். அழகம்மாள் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கை அரிசியை அள்ளி, வட்டம் சுற்றும் டிவி மேலேயே போட்டார். ரெங்கசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இடுப்பு உடைந்தவர் குலுங்கக் கூடாது. அவர் குலுங்கிக்கொண்டிருந்தார்.

“ஏறிருச்சு” என்றார் துண்டுக்குள்ளிருந்து. “பாக்கல. போகட்டும். நல்லபடியா ஏறிருச்சுல்ல. போகட்டும்.”

என் முப்பத்தோரு வருட வேலையில் அதைப்போல ஒரு நிமிடம் வந்ததில்லை.

அப்போது டிவியில் படம் வந்தது. மேடை. ஐயர் ஒரு தட்டை நீட்டி, எல்லோரும் தொட்டுக் கும்பிடக் கூட்டத்தின் பக்கம் கொண்டுபோகச் சொல்கிறார். தட்டில் தேங்காய் மேல் தாலி.

முதலில் எனக்கே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. லைவ் என்று சொல்கிறோமே தவிர, அங்கே நடப்பது கேமராவில் ஏறி, இணையத்தில் ஏறி, நம் திரைக்கு வர ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு மூன்று நிமிடம்கூடப் பிந்தும். போனில் வருவது உடனே வரும். போனில் தாலி கட்டி முடிந்துவிட்டது. டிவியில் இன்னும் கட்டவில்லை.

“ஐயா, துண்ட எடுங்க” என்றேன். “இன்னும் கட்டலைங்க. டிவியில கொஞ்சம் லேட்டாத்தான் வரும். இப்பத்தான் கட்டப் போறாங்க. பாருங்க.”

“போன்ல மேளம் கேட்டுச்சே.”

“மறுபடி கேக்கும். பாருங்க.”

ஜமால் அவர் தலைக்கு அடியில் இன்னொரு தலையணையைக் கொடுத்தார். டிவியில் தட்டு சுற்றி வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். வினோதினி தலை குனிந்திருந்தாள். பின்னால் முருகேசன், சட்டைப் பையில் போன் தெரிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் இரண்டாவது தடவையாகக் கொட்டியது. அழகம்மாள் மிச்சமிருந்த அரிசியை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளித் திரை மேல் போட்டார். ரெங்கசாமி படுத்தபடியே ஒரு கைப்பிடி வீசினார். அது பாதி என் தலையில் விழுந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம், ‘ஸ்க்ரீன்ல கீறல் விழுமே’ என்று ஒரு நொடி நினைத்தேன்.

பந்தி தொடங்கும்வரை பார்த்தார்கள். மகள் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு, “அப்பா, தெரியுதாப்பா?” என்று கேட்டாள். “தெரியுதுத்தா” என்று இவர் இங்கிருந்து சொன்னார்.

நான் கிளம்பும்போது ரெங்கசாமி சொன்னார்: “நல்ல டிவி சார்.”

அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஜமால் மட்டும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார்.

“இல்லைங்க” என்றேன். “கல்யாணத்தக் காட்டுனது ஒங்க மகளோட லேப்டாப்பும் ஜமால் பாயோட வயரும். இந்த டிவியில அது வராது. வராதுன்னு எனக்குத் தெரியும். ஒங்க மச்சினன் கேட்டாரு. எல்லாம் வரும்னு பொய் சொன்னேன். முன்னாடியே பிரிச்சுப் பாக்கணும்னும் தெரியும். அதையும் சொல்லல.”

ரெங்கசாமி துண்டை மடித்து நெஞ்சின் மேல் வைத்தார்.

“மாத்தித் தருவீங்களா?”

“தர்றேன். நாளைக்கே கொண்டாரேன்.”

“நாளைக்கு வேணாம். வியாழக்கெழம மறுவீட்டுக்குப் புள்ள வரும். அதுக்குள்ள கொண்டாங்க.”

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்துப் பயந்ததில் ஒன்றுகூட அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஜமால்தான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பேச வேண்டியதை எல்லாம் பேசிவிட்டுக் கொடுத்தார். நியாயமான பேச்சு. முழுவதும் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்த அந்த டிவி என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். பிரித்த பெட்டி, அடிச்சட்டத்தில் மஞ்சள் அரிசி. முதலாளி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அதை வாசலுக்குப் பக்கத்தில் வைத்து, கேட்டவர்களிடம் எல்லாம், “பிரிச்ச டிவிங்க. அஞ்சு ஆப்தான் வரும். வேற எதுவும் வராது” என்றேன். நான்காம் நாள் பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர் வாங்கினார். “எனக்குக் கேபிள்ல நியூஸ் ஓடுனாப் போதும் சார். அஞ்சே அதிகம்” என்றார். உண்மையைச் சொல்லியும் டிவி விற்கும் என்பது அத்தனை வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்த டிவியைக் கம்பெனி சேர்த்துக்கொள்ளாது என்பதால் கொடைக்கானல் கணக்கில் எனக்கு ஒன்று குறைந்துபோனது. ஸ்வெட்டர்களை வெயிலில் காயப்போட்டிருந்த என் மனைவியிடம் காரணத்தைச் சொன்னேன். அவற்றை மடித்து உள்ளே வைத்தார்.

அதே மாடலை என்னிடம் வாங்கியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். பலர் நன்றாக ஓடுகிறது என்றார்கள். அரிமளத்திலிருந்து ஒரு அம்மா மட்டும், “மகளுக்குப் பாடம் வரும்னுதான் வாங்குனோம் சார். வரல. எங்களுக்குத்தான் போடத் தெரியலன்னு விட்டுட்டோம்” என்றார். இதை மட்டும் மறக்காதீர்கள். நாம் பொய் சொன்னால் அவர்கள் நம்மைத் திட்டுவதில்லை. தங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக்கும் போய் மாற்றிக் கொடுத்தேன். நான் போன் எண் எழுதி வைக்காதவர்கள் எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ, தெரியாது. அது என்னோடு இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். இஞ்ச் கேட்பதற்கு முன், வீட்டில் யார் பார்ப்பார்கள், எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். அதை அந்த டிவியிலேயே போட்டுக் காட்டுங்கள். வராது என்றால் வராது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில், ஆப் இறக்கிக்கொள்ளக்கூடிய வேறு டிவி ஒன்றைக் கடையிலேயே பிரித்தேன். இணையத்தில் சேர்த்து, அப்டேட் முடியும்வரை காத்திருந்து, கல்யாணம் பதிவாகியிருந்த அதே ஸ்டுடியோவின் லிங்க்கைப் போட்டு, தாலி கட்டும் இடம்வரை ஓடவிட்டுப் பார்த்தேன். மறுபடி பெட்டியில் வைத்து, பிரித்த டேப்போடு அப்படியே கொண்டுபோனேன்.

அழகம்மாள் வாசலிலேயே மறித்தார். டேப்பை விரலால் தடவினார்.

“பிரிச்ச பெட்டியாவுல்ல இருக்கு?”

“நான்தான் பிரிச்சேன்.”

“எதுக்கு?”

“ஓடுதான்னு பாக்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, “கொண்டாரச் சொல்லு” என்றார், நான் அங்கேயே நிற்காததுபோல.

புதுமணத் தம்பதி தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியை வைத்து, எதிர்வீட்டு இணையத்தில் சேர்த்து, ரிமோட்டை ரெங்கசாமி கையிலேயே கொடுத்தேன். எந்தப் பட்டன் என்று ஒரு தடவைதான் காட்டினேன். அவரே அழுத்தினார். திருப்பூர் மேடை வந்தது. தட்டு சுற்றி வந்தது. கெட்டிமேளம் கொட்டப்போகும் நேரத்தில் அழகம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய், ஒரு பிடி அரிசியில் மஞ்சளைப் பிசைந்துகொண்டு ஓடி வந்து திரை மேல் போட்டார். மாப்பிள்ளை மேலேயும் விழுந்தது.

வினோதினி தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். “ஏன் அத்தை, எனக்கு எத்தன தடவதான் கல்யாணம் பண்ணுவீங்க?”

“ஒங்கப்பன் பாக்குற தடவையெல்லாம்” என்றார் அழகம்மாள்.

ரெங்கசாமி படத்தைப் பின்னால் தள்ளி, மறுபடி முதலிலிருந்து வைத்தார்.